நிகழிட ஒலிப்பதிவிற் கையாளல் இரைச்சல்: காரணங்களும் களைமுறையும்

திரைப்படத்தைக் கட்புலக் கலையென்று மட்டும் கொண்டு ஆராயும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஒலி பற்றிப் பேச முற்படுவோரும் பெரும்பாலும் பாடலோடும் பின்னணி இசையோடும் நின்றுவிடுகின்றனர். ஒரு மனிதன் தான் நின்ற இடத்தில், தன் வாயாற் பேசிய பேச்சு எவ்வாறு பதிவாகின்றது என்னும் வினா தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கப்படுகின்றது. ஆயின் இவ்வினா தொழில்நுட்பத்தோடு முடிவதன்று. பேசியவனின் சொந்தக் குரல் நமக்குக் கிடைக்குமா, கிடையாதா என்பதே இதன் உட்பொருளாகும்.

தமிழ்த் திரைப்படங்களில் நீண்ட காலம் பின்குரற் பதிவே பெருவழக்காய் இருந்து வந்துள்ளது. நடித்தவர் ஒருவராகவும் பேசியவர் இன்னொருவராகவும் இருப்பது அங்கே புதுமையன்று. இந்தித் திரைப்படத் துறையிலும் இதுவே வழக்காயிருந்தமையாலேயே, 2001 இல் வெளிவந்த 'லகான்' திரைப்படத்தில் நடிகரின் உரையாடல் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவு செய்யப்பட்டமை தனித்துக் குறிப்பிடப்பட்டது. பின்குரற் பதிவினாற் பேச்சுத் தெளிவு பெறுகின்றது என்பது உண்மையே. எனினும் வட்டார வழக்கின் நெளிவும், மூச்சின் இடைவெளியும், களைத்தவன் குரலில் ஏறும் கரகரப்பும் அவ்வழியில் எளிதில் இழக்கப்படுகின்றன. அன்றியும், கதைப்படத்திற் செய்யக்கூடிய இம்மாற்றீட்டை ஆவணப்படத்திலோ நாட்டார் வழக்காற்று ஆய்விலோ செய்ய இயலாது. முதிய அண்ணாவியார் ஒருவரின் கூத்துப் பாடலையோ, ஒப்பாரி சொல்லும் பெண்ணின் குரலையோ வேறொருவரைக் கொண்டு மீளப் பதிவு செய்தல் பொருளற்றது. அங்கே ஒருமுறை கெட்டது கெட்டதேயாகும்.

இவ்வாறு பதிவைக் கெடுக்கும் காரணிகளுள் ஒன்று, ஒலிவாங்கியைத் தாங்கும் கழியிலிருந்தும் அதனைப் பிடிக்கும் கையிலிருந்தும் எழும் ஓசையாகும். இதனைக் கையாளல் இரைச்சல் எனலாம். இவ்விரைச்சல் தனியொரு ஓசையன்று; பல வழிகளால் வந்து சேரும் பல ஓசைகளின் தொகுதியாகும். ஆதலால், 'எதனை மாற்றுவது?' என்று கேட்பதற்கு முன்னர், 'இது எவ்வழியாக வந்தது?' என்று கேட்டல் வேண்டும். இக்கருத்தினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலிவாங்கி கழியேறிய வரலாறு

பேசும் படத்தின் தொடக்க காலத்தில் ஒலிவாங்கி ஓரிடத்தில் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. பூச்சாடிக்குள்ளும் திரைச்சீலைக்குப் பின்னும் மறைத்து வைக்கப்பட்ட அதனை நோக்கியே நடிகர் பேச வேண்டியிருந்தது. கருவி நிற்க, மனிதன் அதற்கு அடங்கினான். 1929 இல் வெளிவந்த 'தி வைல்ட் பார்ட்டி' என்னும் படத்தை இயக்கிய டொறதி ஆஸ்னர், நடிகை கிளாரா போ தடையின்றி நடமாடும் பொருட்டு ஒலிவாங்கியைத் தூண்டிற்கழியொன்றில் தொங்கவிடச் செய்தார் என்பது திரைப்பட வரலாற்றிற் பரவலாகக் குறிக்கப்படும் செய்தியாகும். அன்று தொட்டு மனிதன் நடமாட, கருவி அவனைப் பின்தொடரலாயிற்று. பின்னர் ஸ்ரெபான் குடெல்ஸ்கி 1951 இல் உருவாக்கத் தொடங்கிய நாக்ரா பதிகருவிகள், ஒலிப்பதிவைக் கலையகத்துக்கு வெளியே, தெருவுக்கும் வயலுக்கும் எடுத்துச் செல்ல வழி வகுத்தன.

இவ்விடுதலைக்கு ஒரு விலையும் உண்டு. நிலத்தில் நின்ற ஒலிவாங்கிக்குக் கை தேவைப்படவில்லை. கழியேறிய ஒலிவாங்கியோ ஒரு மனிதனின் தசையோடும் நரம்போடும் பிணைக்கப்பட்டுள்ளது. கையாளல் இரைச்சல் இப்பிணைப்பின் விளைவேயாகும்.

ஒலிவாங்கி கையை ஏன் கேட்கின்றது?

ஒலிவாங்கியின் உள்ளே மெல்லிய மென்றகடொன்று உள்ளது. காற்றில் வரும் அழுத்த மாற்றங்கள் அதனை அசைக்க, அவ்வசைவு மின்குறிப்பாக மாறுகின்றது. இங்கு நோக்க வேண்டியது ஒன்றுண்டு. மென்றகடு அசைந்து உடல் நின்றாலும், உடல் அசைந்து மென்றகடு பின்தங்கினாலும் இரண்டுக்குமிடையே எழும் சார்பியக்கம் ஒன்றே. பேச்சினால் வந்த அசைவு இது, கழியினால் வந்த அசைவு இது என்று பிரித்தறியும் ஆற்றல் ஒலிவாங்கிக்கு இல்லை.

கழியிற் பொருத்தப்படும் திசைசார் ஒலிவாங்கிகள் இவ்வகையில் மேலும் நொய்மையானவை. அவற்றில் மென்றகட்டின் இரு பக்கங்களும் காற்றுக்குத் திறந்துள்ளன. இரு பக்க அழுத்தங்களின் வேறுபாடே அதனை இயக்குகின்றது. தாழ் மீடிறன்களில் இவ்வேறுபாடு மிகச் சிறிதாகையால், அதனை உணரும் பொருட்டு மென்றகடு தளர்வாக அமைக்கப்படுகின்றது. அவ்வாறு தளர்ந்த மென்றகடு உடலின் அதிர்வுக்கும் எளிதில் ஆட்படும். எல்லாத் திசைகளிலும் கேட்கும் ஒலிவாங்கியைவிடத் திசைசார் ஒலிவாங்கி காற்றுக்கும் கைக்கும் கூடுதலாக அஞ்சுவதன் காரணம் இதுவே. மேலும், நீண்ட குழல் வடிவ ஒலிவாங்கிகளில் மென்றகடு குழலுக்குக் குறுக்காக அமைந்துள்ளமையால், குழலின் நீளப்பாட்டில் வரும் அதிர்வே மிகுந்த தீங்கு செய்வதாகும்.

தொங்கலமைப்பும் அதன் எல்லையும்

இவ்வதிர்வைத் தடுக்கவே ஒலிவாங்கிக்கும் கழிக்குமிடையே இறப்பர் நாண்களாலோ நெகிழ் பிளாஸ்ரிக்கினாலோ ஆன தொங்கலமைப்பு வைக்கப்படுகின்றது. இது பௌதிகவியல் மாணவர் நன்கறிந்த திணிவு - வில் தொகுதியே. ஒலிவாங்கி திணிவு, இறப்பர் வில். இத்தகைய தொகுதி ஒவ்வொன்றுக்கும் இயற்கை மீடிறன் ஒன்றுண்டு. அதனிலும் மிக உயர்ந்த மீடிறனுடைய அதிர்வுகளைத் தொகுதி தடுக்கும். அதனிலும் தாழ்ந்தவற்றை அப்படியே கடத்தும். அதற்கு அண்மையானவற்றையோ பரிவினாற் பெருக்கிவிடும். இயற்கை மீடிறனின் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேலேதான் தடுப்பே தொடங்குகின்றது.

இவ்வியற்கை மீடிறனை அளவிட விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை; அடிமட்டமொன்று போதும். ஒலிவாங்கியைக் கீழ்நோக்கிப் பிடிக்கும்போது அது தன் நிறையினால் நீளப்பாட்டில் எவ்வளவு இறங்குகின்றது என்பதைக் கொண்டு அதனை அண்ணளவாகக் கணிக்கலாம். 10 மில்லிமீற்றர் இறங்கினால் இயற்கை மீடிறன் ஏறத்தாழ 5 ஹேர்ட்ஸ். 2.5 மில்லிமீற்றர் இறங்கினால் 10 ஹேர்ட்ஸ். அரை மில்லிமீற்றருக்கும் குறைவாக, 0.4 மில்லிமீற்றரே இறங்கினால் 25 ஹேர்ட்ஸ். இறப்பர் முற்றிலும் நேர்விகித வில்லன்று. ஆதலால் இவை வழிகாட்டும் எண்களேயாம். எனினும் அவற்றின் பொருள் தெளிவானது. 100 ஹேர்ட்ஸ் அதிர்வொன்றை 5 ஹேர்ட்ஸ் தொகுதி கொள்கையளவில் ஏறத்தாழ 52 டெசிபெல் குறைக்கும். 25 ஹேர்ட்ஸ் தொகுதி 23 டெசிபெல் அளவிலேயே குறைக்கும். வெயிலிலும் வெப்பத்திலும் இறுகிப்போன பழைய இறப்பர் நாண் கண்ணுக்கு நல்லதாகவே தோன்றும். ஆயின் இறுகிய வில்லின் இயற்கை மீடிறன் உயர்ந்து, தடுப்பாற்றல் குன்றிவிட்டிருக்கும்.

அதற்காகத் தொங்கலை அளவின்றித் தளர்த்தலும் ஆகாது. கழியை விரைந்து திருப்பும்போது மிகத் தளர்ந்த ஒலிவாங்கி ஊசலாடிக் காப்புக்கூட்டின் சுவரிலே மோதும். அம்மோதலின் ஓசை கையின் உராய்வினும் கொடியது. ஒலிவாங்கியின் நிறைக்கேற்ற நாணைத் தெரிந்துகொள்வதே முறை. சென்ஹைசர் எம்.கே.எச். 416 போன்ற, ஏறத்தாழ 165 கிராம் நிறையுடைய ஒலிவாங்கிக்குப் பொருந்தும் நாண், அதன் அரைப்பங்கு நிறையுள்ள சிறிய ஒலிவாங்கிக்கு இறுக்கமானதாகிவிடும்.

இரைச்சல் வரும் வழிகள்

முதலாவது வழி, கையிலிருந்து கழிக்குச் செல்வது. விரல் வழுக்குதல், மோதிரம் அல்லது வளையல் படுதல், கைக்கடிகாரத்தின் வார் உரசுதல், பிடியை மாற்றுதல் ஆகியன இதில் அடங்கும். கழி உட்குடைவான குழலாதலால் அது ஓசையைக் கடத்துவதோடு தானும் ஒலிக்கின்றது. அலுமினியக் கழி உலோக ஓசை தரும். காபன் நார்க் கழி எடை குறைந்ததாயினும் விரலின் உராய்வை அதுவும் கடத்தவே செய்யும்.

இரண்டாவது வழி, கழியின் மூட்டுகள். ஒன்றனுள் ஒன்று செல்லும் குழல்களை இறுக்கும் வளையங்கள் தளர்ந்தாலோ, அவற்றுள் மணல் புகுந்தாலோ, கழி வளையும் ஒவ்வொரு தடவையும் 'கிளிக்' என்ற கூரிய ஓசை எழும். கழி நுனியிலுள்ள திருகாணி முழுமையாக இறுகாதபோதும் இதுவே நிகழும். குழல்களை அவற்றின் முழு நீளத்துக்கும் இழுத்து நிறுத்தாமல், சில அங்குலம் உள்ளே விட்டு இறுக்கினால் மூட்டுக்கு வலுக் கிடைக்கும்.

மூன்றாவது வழி பெரும்பாலோராற் கவனிக்கப்படாதது, அதுவே மின்கம்பி. தொங்கலமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும், ஒலிவாங்கியின் வாலிலிருந்து தடித்த கம்பியொன்று விறைப்பாகக் கழிக்கு இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் அதிர்வு இறப்பரைச் சுற்றிக்கொண்டு கம்பி வழியே ஏறிவிடும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தது போன்றது இது. மெல்லிய, நெகிழ்வான கம்பியைத் தளர்ந்த வளையமாக விட்டு, அதன் பின்னரே தொங்கலமைப்பின் நிலையான பகுதியிற் கட்டுதல் வேண்டும். இனி, கழியின் உள்ளே செல்லும் கம்பி குழற்சுவரில் மோதுவதும், வெளியே சுற்றப்பட்ட கம்பி கழியைத் தட்டுவதும் தனியான குறைபாடுகள். கழியின் அடியில் கம்பியைச் சற்று இழுத்துப் பிடிப்பதால் இவை பெரும்பாலும் நீங்கும்.

நான்காவது வழி, காற்று. கழியை வேகமாக வீசும்போது ஒலிவாங்கி தானே தனக்குக் காற்றை உண்டாக்கிக்கொள்கின்றது. அறையினுள்ளே காற்றில்லை என்று கருதிக் காப்புறையை நீக்கிவிடுவோர், பின்னர் எழும் தாழ்ந்த உறுமலைக் கழியின் குற்றமென்று எண்ணுவர். எத்துணை இறப்பர் மாற்றினும் இவ்வுறுமல் நீங்காது.

இவை நான்கும் பொறிமுறை சார்ந்தவை. இவற்றைப் போல் தோன்றும் மின்சார்ந்த குறைபாடுகளும் உள. கம்பி முனையின் இணைப்பி தேய்ந்திருந்தாலும், பற்றாசு விட்டிருந்தாலும், கழி அசையும்போதெல்லாம் வெடிப்போசை எழும். கொள்ளளவி ஒலிவாங்கிகளுக்கு வழமையாக வழங்கப்படும் 48 உவோற்று ஊட்டல் கணப்பொழுது அறுந்தாலும் அவ்வாறே. நம்முடையது போன்ற ஈரப்பதன் மிகுந்த நாடுகளில், குளிரூட்டிய வண்டியிலிருந்து வெளியே எடுத்த ஒலிவாங்கியினுள்ளே நீர் ஒடுங்குவதால் எவரும் தொடாதபோதும் பொரியும் ஓசை கேட்பதுண்டு. மேலே குறித்த 416 முதலிய வானொலி மீடிறன் முறையில் இயங்கும் ஒலிவாங்கிகள் இக்குறையை நன்கு தாங்குவன. ஏனையவற்றைச் சூழலின் வெப்பநிலையை அடையும் வரை பொறுத்திருந்து பயன்படுத்துதலே தகும்.

நோய் நாடும் ஒழுங்கு

இரைச்சல் கேட்டவுடன் கையில் அகப்பட்டதை மாற்றுவது களத்திற் காணப்படும் பொதுவான பிழை. இரண்டை ஒருங்கே மாற்றிய பின் இரைச்சல் நின்றாலும், எது காரணமென்று தெரியாமலே போய்விடும். அது மறுநாள் திரும்பி வரும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுக என்பதே முதல் விதி. எல்லாச் சோதனைகளையும் ஒரே பதிவுமட்டத்திற் செய்க என்பது இரண்டாவது. ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் அதன் பெயரை வாயாற் சொல்லிப் பதிவு செய்க என்பது மூன்றாவது. சோதனைகள் பின்வரும் ஒழுங்கில் அமையலாம்.

1. அமைதியான அறையில் கழியை இரு நாற்காலிகள் மீது கிடத்தி, எவரும் தொடாது ஒரு நிமிடம் பதிவு செய்தல். இரைச்சல் தொடருமாயின் குற்றம் கையிலுமில்லை, கழியிலுமில்லை; மின்னிலோ ஈரத்திலோ உள்ளது.

2. கழி அசையாதிருக்க, இணைப்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்தல். வெடிப்போசை எழும் இடத்திற் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

3. கழியின் அடிப்பகுதியை விரலால் ஒரே சீராக வருடுதல். இவ்வோசையின் அளவை நினைவிற் கொள்ளல் வேண்டும். இதுவே இனிவரும் ஒப்பீடுகளுக்கு அளவுகோல்.

4. ஒலிவாங்கியின் வாலருகே கம்பியைக் கழியின் கட்டிலிருந்து விடுவித்து, மற்றொருவர் அதனைத் தளர்வாகத் தாங்க, அதே வருடலை மீளச் செய்தல். ஓசை தெளிவாகக் குறைந்தால் குற்றவாளி கம்பியே. குறையாவிடின் தொங்கலமைப்பை ஆராய்க.

5. மூட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கியும் வளைத்தும் பார்த்தல்.

6. கழியை முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் வீசுதல். காப்புறையுடன் ஒருமுறை, காப்புறையின்றி ஒருமுறை. வேகத்தோடு வளரும் உறுமல் காற்றினது.

7. அதே கழியை வேறொருவரிடம் கொடுத்தல். இரைச்சல் ஆளோடு மாறினால், அது பிடியினது.

இவ்வேழும் கால் மணி நேரத்துள் முடிவன. படப்பிடிப்புக்கு முன்னாள் மாலையில் இவற்றைச் செய்துகொள்வது, மறுநாள் முழுக் குழுவும் காத்து நிற்பதினும் மலிவானது.

வடிப்பானும் தூரமும்

'பின்னர் வடித்துக்கொள்ளலாம்' என்பது களத்தில் அடிக்கடி கேட்கும் ஆறுதல் மொழி. அதன் எல்லையையும் அறிதல் நன்று. 80 ஹேர்ட்ஸில் தொடங்கி எண்மம் ஒன்றுக்கு 12 டெசிபெல் வீதம் வெட்டும் வடிப்பான், 20 ஹேர்ட்ஸ் அதிர்வை ஏறத்தாழ 24 டெசிபெல் குறைக்கும். ஆண் குரலின் அடிப்படை மீடிறன் பொதுவாக 100 ஹேர்ட்ஸை அண்டியும் அதற்கு மேலும் இருப்பதால் பேச்சுக்குப் பெரிய சேதமில்லை. ஆயின் மூட்டின் 'கிளிக்' ஓசையும் விரலின் உராய்வும் பேச்சின் மீடிறன்களிலேயே பரந்து கிடப்பன. வடிப்பான் அவற்றைத் தொடாது. மேலும், தாழதிர்வு பதிகருவியின் முதல் விரியலாக்கியை ஏற்கெனவே மிகைப்படுத்திப் பேச்சைச் சிதைத்துவிட்டால், பின்வரும் எந்த வடிப்பானும் அதனை மீட்காது. ஆகவே, வடிப்பான் ஒலிவாங்கிக்கு எவ்வளவு அண்மையில் உள்ளதோ அவ்வளவு பயன் தரும்.

வடிப்பானினும் எளிய மருந்தொன்று உண்டு, அது தூரம். திறந்த வெளியில், பேசுவோனுக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரம் 120 சென்ரிமீற்றரிலிருந்து 60 சென்ரிமீற்றராகக் குறைந்தால் பேச்சு 6 டெசிபெல் உயர்கின்றது. கையின் ஓசையோ எவ்விடத்திலும் ஒன்றே. எனவே, பதிவுமட்டத்தை அதற்கேற்பத் தாழ்த்தும்போது இரைச்சல் 6 டெசிபெல் பின்வாங்குகின்றது. தொலைவில் நின்று மட்டத்தை உயர்த்துவோன் குரலோடு கையையும் சேர்த்தே உயர்த்துகின்றான்.

கழி பிடிக்கும் உழைப்பு

இறுதியாக, கருவிகளுள் மிக நுட்பமான கையைப் பற்றிக் கூறல் வேண்டும். கழியின் நுனியில் ஒலிவாங்கி, தொங்கலமைப்பு, காப்புறை யாவும் சேர்ந்து 600 கிராம் உள்ளன எனக் கொள்வோம். இது அற்பமாகத் தோன்றலாம். மூன்று மீற்றர் கழியைக் கிடையாக நீட்டி, பின்கையை அடிநுனியிலும் முன்கையை அதிலிருந்து 75 சென்ரிமீற்றரிலும் வைத்தால், கழியின் சொந்த எடையை விடுத்தாலும், பின்கை 1.8 கிலோகிராம் அளவு கீழே அழுத்த, முன்கை 2.4 கிலோகிராம் தாங்க வேண்டியுள்ளது. கைகளுக்கிடையே ஒரு மீற்றர் இடைவெளி விட்டால் இவை முறையே 1.2, 1.8 ஆகக் குறைகின்றன. அனுபவமுள்ள கழியாளர் கைகளை அகல வைத்து, கழியைத் தலைக்கு மேல் உயர்த்தி, எலும்பின் மீது பாரத்தை இறக்கி நிற்பதன் பொருள் இதுவே.

மனிதக் கைக்கு இயல்பாகவே 8 முதல் 12 ஹேர்ட்ஸ் வரையிலான நுண்ணிய நடுக்கம் உண்டு. களைப்பு அதனை மிகுவிக்கும். முன்னர்க் கூறிய 10 ஹேர்ட்ஸ் தொங்கலமைப்பை இங்கே நினைவுகூர்க. களைத்த கையின் நடுக்கமும் தொங்கலின் பரிவும் ஒரே எண்ணிற் சந்திக்கின்றன. அந்நடுக்கத்தை நாம் நேரே கேட்பதில்லை. பதிவுமானியின் முள் காரணமின்றி ஆடுவதாகவும், பேச்சின் அடியில் ஏதோ கனப்பதாகவும் அது வெளிப்படும். இதற்கு இறப்பரை மாற்றுவதும் மருந்து; கழியாளருக்கு ஓய்வு கொடுப்பதும் மருந்து. நான்கு நிமிடக் காட்சியொன்றைப் பத்துமுறை மீளெடுப்பவர்கள், அந்நாற்பது நிமிடமும் ஒருவர் தலைக்கு மேல் கையை உயர்த்தி நின்றார் என்பதை எண்ணுவது அரிது. அவருக்கும் ஹெட்போன் வழங்கப்படல் வேண்டும். தன் கையின் ஓசையைத் தான் கேளாதவர் அதனைத் திருத்துவது எங்ஙனம்?

கூலிப் பட்டியலின் கடைசியிலும், பெயர்த் தொடரின் இறுதியிலும் இடம்பெறும் இவ்வுழைப்பு செவ்வனே நிகழும்போது அதன் சுவடே தெரிவதில்லை. தவறும்போது மட்டுமே அது கேட்கின்றது. ஆதலால், கையாளல் இரைச்சலை நீக்குதல் என்பது நல்ல இறப்பரை வாங்குதலோடு நிறைவுறுவதன்று. ஓசையின் வழியை ஒழுங்காகத் தேடும் பயிற்சியும், கழி பிடிப்பவரின் உடலுக்குக் கொடுக்கும் மதிப்பும் அதனோடு சேர்தல் வேண்டும். நமது ஆய்வாளரும் படைப்பாளரும் மக்களின் குரலை அக்குரல் பிறந்த இடத்திலேயே பதிவு செய்ய முன்வருவார்களாயின், முதலில் தங்கள் கையின் ஓசையைக் கேட்கப் பழகுதல் இன்றியமையாததாகும்.